சிறு நகரத்தில் சைக்கிளுக்கும் நடைக்கும் ஓர் அமைப்பு: முதல் ஆண்டில் என்ன செய்வது?

மன்னை_மிதிவண்டி கேட்டது:

வணக்கம். மன்னார்குடியில் பதினோரு பேர் சேர்ந்து சைக்கிளுக்கும் நடைக்கும் லாபநோக்கில்லாத ஓர் அமைப்பு தொடங்கப் போகிறோம். திருவாரூர் மாவட்டம் முழுக்க வேலை செய்யும் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை டி-சர்ட் போட்டுக்கொண்டு ரைடு போகிற கிளப் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பள்ளிப் பிள்ளைகள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர், கீரைக்காரம்மா ஓட்டுகிற சைக்கிள்தான் எங்கள் கணக்கில் சைக்கிள். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது.

சங்கமா, டிரஸ்டா? முதல் வேலையாக எதை எடுப்பது? நகராட்சியிடம் சைக்கிள் பாதை கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? பட்டறிவு உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

துணைவிதி பதில்:

பதிவு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு ஆள் வருவார்கள்.

உங்களுக்குச் சங்கம்தான் சரி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும், உங்களிடம் 11 பேர் இருக்கிறீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. நிர்வாகக் குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. டிரஸ்ட் இதைவிடச் சுலபம்தான், பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. ஆனால் அதில் எல்லாம் அறங்காவலர்கள் கையில். உறுப்பினர் சேர்த்து, பொதுக்குழு கூட்டி, ஓட்டுப் போட்டு நடத்த நினைக்கிறவர்களுக்கு டிரஸ்ட் ஒத்து வராது. கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் வரும் லாபநோக்கில்லாத கம்பெனி இன்னொரு வழி. 60,000 ரூபாய் வைத்திருக்கிறவர்கள் அந்த ஆண்டுச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

பைலாவில் (சங்கத்தின் துணைவிதிகளில்) மூன்று இடங்களில் கவனம் வையுங்கள்.

நோக்கம்: பலரும் வேறொரு கிளப்பின் பைலாவைப் பார்த்து "சைக்கிள் விளையாட்டை ஊக்குவித்தல்" என்று எழுதிவிடுவார்கள். பிறகு பழுதுபார்ப்பு முகாமுக்குக் காசு வாங்கும்போது "இது உங்கள் நோக்கத்தில் இல்லையே" என்று ஆடிட்டர் நிறுத்துவார். பழுதுபார்ப்பு, பயிற்சி, சாலைப் பாதுகாப்பு, போக்குவரத்துக் கணக்கெடுப்பு, மாணவர்களுக்கு உதிரிபாக உதவி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

செயல் எல்லை: "திருவாரூர் மாவட்டம்" என்று போட்டால் நாளைக்குத் தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்று கூப்பிட்டாலும் விதித் திருத்தம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும். "தமிழ்நாடு" என்றே போடுங்கள்.

கலைப்பு: சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும், உறுப்பினர்களுக்குப் பிரியாது என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். வருமான வரித் துறை தேடிப் பார்ப்பது இந்த வரியைத்தான்.

பதிவு முடிந்ததும் வருமான வரித் துறையில் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை). 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தால் 2026 ஏப்ரல் முதல் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணைச் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரியும், படிவத்தில் மட்டும் புது எண் வரும். சி.எஸ்.ஆர். பணத்தை, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற பணத்தை, முதல் ஆண்டில் எதிர்பார்க்காதீர்கள். வெளி அமைப்பு மூலம் செலவழிக்கும்போது மூன்றாண்டுப் பணி அனுபவம் கேட்பது விதி. வெளிநாட்டு நன்கொடைக்கும் மூன்று ஆண்டு, அதோடு அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவு செய்த கணக்கு வேண்டும். ஆகவே முதல் ஆண்டு முதலே ரசீது, வருகைப்பதிவு, தேதி தெரியும் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

சங்கங்கள் செத்துப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஆண்டுக் கணக்கும் குழு மாற்றமும் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவது. செயலாளர் மாறியிருப்பார், பதிவாளரிடம் பழைய பெயர் இருக்கும், வங்கி புதுக் கையெழுத்தை ஏற்காது. பணம் இருந்தும் எடுக்க முடியாது.

---

கோட்டக்கம்பி பதில்:

முதல் வேலை பழுதுபார்ப்பு முகாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. மாவட்டத்தில் சைக்கிள் இல்லாத குறை கிடையாது. ஓடுகிற நிலையில் இல்லாத குறைதான். வீட்டுத் திண்ணையில் காற்றிறங்கி நிற்கிற பாதி வண்டிகளுக்குத் தேவை ஒரு புதுப் பிரேக் கட்டையும் ஒரு வால் டியூபும் (வால்வுக்குள் மாட்டுகிற சிறு ரப்பர்க் குழாய்).

ஒரு பள்ளி, 100 சைக்கிள் என்று வைத்துச் சொல்கிறேன். முகாமுக்கு ஒரு வாரம் முன்பு போய் வண்டிகளைப் பாருங்கள். மூன்று நிறத் துணி நாடா கட்டுங்கள். பச்சை: காற்று, எண்ணெய், பிரேக் சரிசெய்தல் போதும். மஞ்சள்: சிறு பாகம் மாற்ற வேண்டும். சிவப்பு: கடைக்குத்தான் போகவேண்டும். சிவப்பை முகாமில் தொடாதீர்கள். ஒரு ஃபோர்க் வளைவை நிமிர்த்துகிற நேரத்தில் எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

வாங்க வேண்டியது, தோராயமாக:

பிரேக் கட்டை 120 (ஒரு வண்டிக்கு நாலு, எல்லா வண்டிக்கும் தேவைப்படாது). வால் டியூப் 150 துண்டு. டியூப் 20, டயர் 10. ஸ்போக் கம்பியும் (சக்கரக் கம்பி) அதன் நிப்பிளும் 50. காட்டர் பின் (கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, அச்சோடு பிணைக்கும் ஆப்பு) 25. செயின் ஜாயிண்ட் 15, முழுச் செயின் 5. பால்ரஸ் குண்டு கால் அங்குலம், 3/16 அங்குலம் இரண்டிலும் ஒவ்வொரு டப்பா. கிரீஸ் 1 கிலோ, தையல் மெஷின் எண்ணெய் 1 லிட்டர், மண்ணெண்ணெய் 3 லிட்டர். பஞ்சர் சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள், பழைய வேட்டித் துணி. டயர் டியூபை அளவு தெரியாமல் மொத்தமாக வாங்காதீர்கள். ஆண்கள் வண்டிக்கும் பெண்கள் வண்டிக்கும் அளவு வேறாக இருக்கலாம், டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஆள் கணக்கு: ஒரு மெக்கானிக், இரண்டு மாணவர் உதவி, ஒரு நாளுக்கு 15 முதல் 18 வண்டி. 100 வண்டிக்கு மூன்று மெக்கானிக், இரண்டு நாள். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்களையே கூலிக்கு அழையுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லி அவர் பிழைப்பில் கை வைத்தால் முகாம் முடிந்த மறுநாளிலிருந்து அவர் உங்களுக்கு எதிரி. சிவப்பு நாடா வண்டிகள் அவர் கடைக்குத்தான் போகப்போகின்றன, அதையும் சொல்லிவிடுங்கள்.

இனி எது எங்கே கெடும்:

காற்று. "தினமும் காற்று இறங்குது, பஞ்சர்" என்று வருவதில் பெரும்பங்கு பஞ்சரே கிடையாது, வால் டியூப் உளுத்திருக்கும். வால்வை ஒரு மூடித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் அதுதான். டியூபைக் கழற்றவே வேண்டாம். காற்றுக் குறைவாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து வெடிக்கும். கேரியரில் ஆள் ஏற்றுகிற வண்டிக்குப் பின்சக்கரத்தில் கட்டைவிரல் அழுத்தினால் அமுங்காத அளவு வேண்டும்.

காட்டர் பின். பெடல் மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு "டக்" கேட்டால் இதுதான். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, ஒரே அடி. முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே குண்டுகள் ஓடுகிற கிண்ணத்தில் இறங்கிப் பள்ளம் விழும். புதுப் பின்னை அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட்டு. நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். வலது, இடது பின்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும். பத்து நாள் ஓடியதும் மறுபடி ஒரு முறை இறுக்கச் சொல்லி அனுப்புங்கள். இந்த மறு இறுக்கம் விட்டுப்போவதால்தான் புதுப் பின் ஒரே மாதத்தில் தேய்கிறது.

செயின். ஆணிக்கு ஆணி 24 கண்ணி அளந்தால் 12 அங்குலம் வரவேண்டும். அரைக்கால் (1/8) அங்குலம் கூடிவிட்டால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரம்) பல்லையும் தின்றுவிடும். நடுவில் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை ஆடலாம். வொர்க்‌ஷாப்பில் கிடைக்கிற கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். டெல்டா மண்ணோடு சேர்ந்து அது அரைக்கும் பசை ஆகிவிடும். மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்கூடு. முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 குண்டு (3/16), பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 (கால் அங்குலம்). எண்ணிப் போடுங்கள், ஒன்று குறைந்தாலும் மற்றவை இடம் மாறி கோனை (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டை) கீறும். கோனை இறுக்கிவிட்டு "ஆட்டமே இல்லை" என்று சந்தோஷப்படக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிவிட்டால் வால்வின் எடைக்கே தானாகத் திரும்பிக் கீழே வந்து நிற்க வேண்டும்.

கோட்டம் எடுப்பதை, அதாவது கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் வளைவை நேராக்குவதை, மாணவருக்கு முதல் நாளே கற்றுத்தராதீர்கள். பின்சக்கர வலப்பக்கக் கம்பி அறுந்தால் ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை. பிள்ளைகளுக்கு நான்கு வேலை போதும்: வால் டியூப், பஞ்சர், கட்டை மாற்றுவது, செயின் எண்ணெய்.

கடைசி நாளில் பம்பு ஒன்று, ஸ்பேனர் செட் ஒன்று, வால் டியூப் ஒரு பாக்கெட் பள்ளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாவி உடற்கல்வி ஆசிரியரிடம் இருந்தால் பயன்படும், தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போனால் துருப்பிடிக்கும்.

---

பார்_வண்டி பதில்:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 60,000-ஐ முழுக்க உதிரிபாகத்தில் போடாமல் ஒரு பங்கைப் பெரிய பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தர வையுங்கள். உங்களுக்கு அதிகத் தூரமில்லாத மாவட்டத்திலேயே முன்னோடி இருக்கிறது. புதுக்கோட்டையில் 1991-92 அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் ஒரு பாடமானது. கல்லுடைக்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பெரும் எண்ணிக்கையில் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி. சேலை கட்டிக்கொண்டு எப்படி என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

கற்றுத்தரும் முறை: பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை விட்டுவிடுங்கள், பிடிக்கிறவர் இடுப்புதான் போகும். இரண்டு பெடலையும் கழற்றுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இறுக்கி இறுக்கி மரையை அழித்த கிராங்க் ஊருக்குப் பத்து இருக்கும். சீட்டை இரு பாதமும் தரையில் முழுக்கப் பதியும் உயரத்துக்கு இறக்குங்கள். லேசான சரிவுள்ள தரையில் காலால் உந்தி உந்தி உருளட்டும். ஐந்து விநாடி கால் தூக்கியபடி போக முடிந்தால் பெடலை மாட்டலாம். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். பெரும்பாலோர் ஐந்தாறு வகுப்பில் ஓட்டிவிடுவார்கள். சேலைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் பின்சக்கரத்தில் வலையும் முழுச் செயின் கவரும் கட்டாயம்.

நேரம் காலை ஆறு மணி. ஆண்கள் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்காத இடமாக, பள்ளி மைதானம் போல, சுற்றுச்சுவர் உள்ளதாகப் பாருங்கள். பயிற்சிக்கு இதுதான் பாதி வெற்றி.

---

மன்னை_மிதிவண்டி மறுபடி:

மிக்க நன்றி. பழுதுபார்ப்பு முகாமும் பெண்கள் வகுப்பும் முடிவாகிவிட்டது. பாதை விஷயம் மட்டும் பாக்கி. மேல்நிலைப் பள்ளியிலிருந்து பேருந்து நிலையம் வரை பச்சைப் பெயிண்டில் சைக்கிள் கோடு போடச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். சரியா?

---

சாலைக்கணக்கு பதில்:

பெயிண்டுக் கோடு கேட்காதீர்கள். கோடு மட்டும் போட்ட பாதை ஒரு மாதத்தில் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும், பிறகு "உங்களுக்குப் போட்டுத்தந்தோமே, யாருமே ஓட்டவில்லையே" என்று உங்களிடமே திருப்பிச் சொல்வார்கள்.

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். நகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? தெரியாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதிலேயே அடுத்து எப்போது தார் போடத் திட்டம், மதிப்பீட்டு நகல் என்ன என்றும் கேளுங்கள். தப்பான அலுவலகத்துக்குக் கொடுத்த மனு ஆறு மாதம் சுற்றும். டெண்டர் முடிந்த பிறகு கொடுத்த மனுவுக்கும் அதே கதிதான்.

அடுத்தது எண்ணிக்கை. பள்ளி நாள் ஒன்று, சந்தை நாள் ஒன்று. காலை 7.30–9.30, மாலை 4–6. சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு மனதில் வைத்து, இரு பக்கமும் ஒவ்வொருவர், கால் மணிக்கு ஒரு வரிசையாகத் தாளில் ஆளுக்கொரு கோடு போட வேண்டும். வண்டியை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். டபுள்ஸ் போகிற சைக்கிளில் இரண்டு பேர், காரில் பெரும்பாலும் ஒருவர். சைக்கிள் மாணவி, சைக்கிள் மாணவர், சைக்கிள் மற்றவர், நடப்பவர், இருசக்கரம், ஆட்டோ, கார், பஸ்–லாரி என்று எட்டுப் பத்தி போதும். மழை பெய்தால் அந்த நாளை விட்டுவிட்டு வேறு நாள். இதோடு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பி-28 அட்டவணையைச் சேருங்கள். வேலைக்கு எப்படிப் போகிறார்கள், எவ்வளவு தூரம் என்பது அதில் மாவட்ட வாரியாக இருக்கிறது. பழசுதான், ஆனால் அரசின் எண் என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிறகு டேப் எடுத்துக்கொண்டு 50 மீட்டருக்கு ஒரு முறை சாலையை அளங்கள். சுவரிலிருந்து சுவர் வரை எவ்வளவு, தார் எவ்வளவு, சாக்கடை மூடி எவ்வளவு. ஒரு திசைச் சைக்கிள் பாதைக்கு ஐ.டி.டி.பி. (போக்குவரத்துக் கொள்கை அமைப்பு) கையேடுகள் 2 மீட்டர் கேட்கின்றன, இரு திசைக்கு 3 மீட்டர். நடைபாதைக்கு ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) வெளியிட்ட 103-ம் எண் விதிநூல் தடையில்லாத 1.8 மீட்டர் கேட்கிறது, கடைத்தெருவில் 2.5 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்களில் சாக்கடைக்கு மேல் அரையடி ஸ்லாபு போட்டு இரண்டடி உயரத்தில் கட்டுகிறார்களே, அதில் ஏறிக் குதிக்கத்தான் முடியும், நடக்க முடியாது. சாலை மொத்தமே 9, 10 மீட்டர் என்றால் தனிச் சைக்கிள் பாதைக்கு இடமில்லை என்று ஒப்புக்கொண்டு, வேகத்தைக் குறைக்கும்படி கேளுங்கள்.

வேகத்தடைக்கும் அளவு இருக்கிறது. ஐ.ஆர்.சி. 99 சொல்வது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவாக. ஊரில் போடுவது ஓரடி அகலத்தில் ஒரு திட்டு. அதில் கார் தப்பிவிடும், கேரியரில் பால்கேன் கட்டிய சைக்கிள்தான் விழும். பழையதைச் செதுக்கி எடுக்கச் சொல்வதையும் மனுவில் எழுதுங்கள்.

செலவில்லாமல் உடனே ஆகக்கூடியது ஒன்று: மழைநீர்க் கிராதிகள். கம்பிகள் போக்குவரத்துத் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். கிராதியைக் கழற்றிக் குறுக்கே திருப்பிப் போட்டால் போதும், சதுரக் கிராதிக்கு அரை மணி வேலை. முதல் மனுவில் இதை வையுங்கள். இளநிலைப் பொறியாளரால் கோப்பு இல்லாமல் செய்ய முடிந்த வேலை, செய்துவிட்டார் என்றால் அடுத்த முறை உங்களை உட்காரச் சொல்வார்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 138(1ஏ) உட்பிரிவைச் சேர்த்தது. நடப்பவர்களுக்கும் இயந்திரமில்லாத வண்டிகளுக்கும் விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மனுவின் முதல் பத்தியில் இதைச் சொல்லுங்கள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்ற இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையையும் குறிப்பிடலாம், போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்ன கொள்கை. சொன்னதும் நடந்ததும் வேறு என்பது தனிக்கதை.

---

கோட்டக்கம்பி மறுபடி:

கிராதி யோசனை அருமை. ஒரு திருத்தம்: கிராதி சதுரமாக இல்லாவிட்டால் திருப்பிப் போட முடியாது. நீள்சதுரக் கிராதிக்கு 10 மில்லிமீட்டர் கம்பியைக் குறுக்கே 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். கம்பி மேல்மட்டத்துக்கு மேலே துருத்தாமல் உள்பக்கமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை மாட்டித் தண்ணீர் நிற்கும்.

இன்னொன்று, சைக்கிள் நிறுத்துமிடம். பணம் கொடுக்க முன்வருகிறவர்கள் வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு, வண்டியைச் சாய்த்துப் பூட்டுகிற வளைகுழாய்ச் சட்டம் நட ஆசைப்படுவார்கள். நம் வண்டியில் ஸ்டாண்டும் உண்டு, பின்சக்கரத்தில் வளையப் பூட்டும் உண்டு. நமக்குத் தேவை கூரை. வெயிலில் எட்டு மணி நேரம் நின்றால் டியூபும் சீட்டும் சீக்கிரம் போய்விடும். வண்டிக்கு 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், இரண்டு வரிசைக்கு நடுவே ஒன்றரை மீட்டர் வழி. 100 வண்டிக்கு ஏறத்தாழ 170 சதுர மீட்டர் கூரை. கியர் வண்டிகளுக்காகக் குழாய்ச் சட்டம் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஐந்தே போதும். 75 சென்டிமீட்டர் உயரம், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி, சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் விட்டு, ஓரடி ஆழம் கான்கிரீட்டில். குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டு செய்து புதையுங்கள், வெறும் குழாயை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிவிடுவார்கள்.